ஹார்லன் வீட்டுச் செம்பருத்தி

செப்டம்பர் கடைசியில், ராத்திரி பாரன்ஹீட்டில் ஐம்பது டிகிரிக்குக் கீழே போகும் என்று வானொலிக்காரன் சொன்னதுதான் தாமதம், மார்லிஸ் ஹாகன் தன் வீட்டுச் சோபாவைப் பிடித்து இழுக்க ஆரம்பித்துவிடுவாள். சோபா வடக்குச் சுவரோரம் போகும். சாப்பாட்டு மேசை படுக்கையறை வாசலை முக்கால்வாசி மறித்துக்கொண்டு நிற்கும். டி.வி.யை எங்கே வைப்பது என்று ஒவ்வொரு வருடமும் பெரிதாக யோசிப்பாள். கடைசியில் ஃபிரிட்ஜின் தலையில்தான் வைப்பாள். தெற்குப் பார்த்த பெரிய ஜன்னல் முழுக்கச் செடிகளுக்கு. மனிதர்கள் மிச்சமிருக்கும் இடத்தில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான்.

வந்து சேரும் செடிகளில் பாதி அவளுடையதே இல்லை. எங்கள் மின்னசோட்டாவில் கொஞ்சம் காசும் முழங்கால் வலியும் ஒன்றாக வந்து சேர்ந்தவர்கள், அக்டோபர் பிறந்ததும் அரிசோனா, டெக்ஸாஸ் என்று தெற்கே கிளம்பிவிடுவார்கள். நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு போகலாம். எலுமிச்சை மரத்தை எங்கே உட்கார வைப்பது? அதை மார்லிஸ் வீட்டில் விட்டுவிட்டு, ஏப்ரலில் பனி உருகியதும் வந்து எடுத்துக்கொள்வார்கள். அவளும் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. கணவன் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆகிவிட்டது. மாவட்டச் சாலை அலுவலகத்தில் ரேடியோ முன்னால் உட்கார்ந்து, பனி அள்ளும் லாரிகளை நீ அங்கே போ, நீ இங்கே போ என்று ஏவிக்கொண்டிருந்த வேலையிலிருந்தும் ஓய்வு பெற்றாயிற்று. இப்போது ஏவுவதற்குச் செடிகள்தான் இருக்கின்றன. சந்தோஷமாகத்தான் இருந்தாள், பொய் சொல்லக் கூடாது.

இந்த முறை அக்டோபர் முதல் சனிக்கிழமை கொரின் உதவிக்கு வந்திருந்தாள். சாலை அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரி. வாயைத் திறந்தால் மூடத் தெரியாதவள்.

“ஏன்டி மார்லிஸ், இந்த வாழை காய்க்கறதுக்கு வளர்க்கிறியா, இல்ல என் முதுகை ஒடிக்கறதுக்குன்னே வளர்க்கிறியா?”

“ரெண்டுக்கும்தான். நுனி இடிக்காம தூக்கு.”

“என் இடுப்பு இடிச்சா பரவாயில்லையாக்கும்.”

“உன் இடுப்பு திரும்ப முளைக்காதுன்னு எனக்குத் தெரியும். மெதுவாவே வா.”

ஒவ்வொரு செடியையும் கொல்லைப்புறத்தில் வைத்துக் குழாய்த் தண்ணீரால் பீய்ச்சி அடிப்பாள் மார்லிஸ். பிறகு சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து ஒவ்வோர் இலையின் அடிப்பக்கத்தையும் துடைப்பாள். தொட்டியைச் சாய்த்து அடித் துவாரத்தைப் பார்ப்பாள். கல்யாணப் பெண் பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு பார்க்க மாட்டார்கள். ஒரே ஒரு மாவுப்பூச்சி உள்ளே நுழைந்தால் போதும், கிறிஸ்துமஸுக்குள் ஜன்னல் முழுக்கச் சொந்தம் கொண்டாடிவிடும்.

எல்லாம் உள்ளே வந்து சேர்ந்த பிறகும் ஜன்னலுக்கு நேர் நடுவில் ஒரு சுழல் முக்காலி காலியாக இருந்தது. பழைய பியானோ முக்காலி. வெயில் நாள் பூராவும் விழுகிற இடம்.

“ஹார்லனோட மகாராணி இன்னும் எழுந்தருளலையா?” என்றாள் கொரின்.

“வரும். இன்னைக்கோ நாளைக்கோ.”

“அந்த இடத்துல உன் மல்லிகையை வெச்சா என்ன? பாவம், அது மூலையில கிடந்து சாகுது.”

“அது செம்பருத்தியோட இடம்,” என்றாள் மார்லிஸ். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

வேலியோரம் கிடந்து ஆடு கடிக்கிற செடிக்கா இத்தனை மரியாதை என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். எங்கள் ஊரில் வேலியே வருடத்தில் பாதி நாள் பனிக்குள் கிடக்கிறது. எதிர் வீட்டு ஹார்லன் ஃபோஸ், பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு டிரம்பெட் சொல்லிக்கொடுத்தவர், ஒரு வருடம் மளிகைக் கடை வாசலில் பாதி விலைக்குப் போட்டிருந்தார்களே என்று அந்தச் செம்பருத்தியை வாங்கி வந்தார். மனைவி இல்லாத வீடு. ஏதாவது உயிரோடு இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். டெக்ஸாஸில் தம்பி வீட்டுக்குப் போகும்போது மார்லிஸிடம் விட்டார். அன்றிலிருந்து வருடா வருடம் அக்டோபரில் கொண்டு வருவார், ஏப்ரலில் கொண்டு போவார். வரும்போது ஒரு காபி, போகும்போது ஒரு காபி.

இதில் ஊருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. ஹார்லனின் கொல்லைப்புறம் பெரிய தேவதாரு மரத்தின் நிழல். அங்கே அந்தச் செடி வெயில் காலமெல்லாம் இலையை மட்டும் விட்டுக்கொண்டு சும்மா நிற்கும். மார்லிஸ் வீட்டு ஜன்னலிலோ பிப்ரவரியில் பூக்கும். வெளியே மூக்கு உறைகிற குளிர், உறைந்த ஏரி மேல் லாரி ஓட்டலாம், உள்ளே சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு அடுக்கடுக்காய் ஒரு பூ. அடுத்த நாள் இன்னொன்று. மார்ச் வரைக்கும் பூத்துத் தள்ளும். பிறகு கிளைகளை வெட்டிவிடுவாள். ஏப்ரலில் ஹார்லன் வரும்போது குட்டையாய், ஒன்றும் தெரியாத பிள்ளை போல நிற்கும்.

தன் செடி பூக்கும் என்பதே அந்த மனிதருக்குத் தெரியாது. முதல் வருடம் சொல்லத்தான் நினைத்தாள். எப்படிச் சொல்வது? உங்கள் வீட்டில் பூக்காது, என் வீட்டில் பூக்கிறது என்றா? எங்கள் ஊரில் அதைவிடத் தற்பெருமை வேறு இல்லை. சரி, அடுத்த வருடம் சொல்லலாம் என்று விட்டாள். அடுத்த வருடம், போன வருடம் ஏன் சொல்லவில்லை என்றாகிவிட்டது. அப்படியே மென்று விழுங்கி மென்று விழுங்கி, விஷயம் வயிற்றிலேயே தங்கிவிட்டது. குளிர்காலம் முழுவதும் அவள் காத்துக்கொண்டிருந்தது அந்தப் பூவுக்காகத்தான். அதையும் யாரிடமும் சொன்னதில்லை.

ஹார்லன் அன்று சாயங்காலம் வந்தார். கையில் செடி இல்லை. ஒரு தட்டு பூசணி கேக் இருந்தது, அவரே சுட்டது, ஓரம் கொஞ்சம் தீய்ந்திருந்தது. கொரின் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். மார்லிஸ் காபி ஊற்றினாள்.

“இந்த வருஷம் நான் டெக்ஸாஸ் போகல,” என்றார் ஹார்லன். “தம்பி வீட்டை விக்கற மாதிரி இருக்கான். அதனால செடியை வெச்சு உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டியதில்ல.”

மார்லிஸ் காபிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

“அப்படியா. நல்லது. ஊர்ல இருக்கறது நல்லதுதான்,” என்றாள். கொஞ்சம் விட்டு, “வேணும்னா செடி இங்கயே இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் இல்ல,” என்றாள்.

“சேச்சே, உங்களுக்கு எதுக்குச் சிரமம்.”

“இடம் இருக்கு ஹார்லன்.”

“இத்தனை வருஷம் பாத்துக்கிட்டதே பெரிசு.”

இங்கேதான் எங்கள் ஊர் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். காபி வேண்டுமா என்று ஒருவர் கேட்டால் வேண்டாம் என்று சொல்வது முறை. இரண்டாம் தடவை கேட்டால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பது முறை. மூன்றாம் தடவை கேட்டால்தான், சரி, கொஞ்சமாய் என்று கையை நீட்டலாம். தட்டில் கடைசித் துண்டு கேக் கிடந்தால் எவரும் எடுக்க மாட்டார். ஒருவர் பாதியாக வெட்டி எடுப்பார். அடுத்தவர் அந்தப் பாதியில் பாதி. கடைசியில் எறும்புக்கும் போதாத துணுக்கு ஒன்று கிடக்கும். அதைச் சுற்றிப் பெரிய மனிதர்கள் உட்கார்ந்து, நீங்க எடுங்க, நீங்க எடுங்க என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். எனக்கு இதைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். ஆனால் இதுதான் ஊர்.

மார்லிஸ் இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. இன்னொரு தடவை கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவள் கேட்கவில்லை. மூன்றாவது தடவை கேட்டால், அந்தச் செடி தனக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்பது வெளியே தெரிந்துவிடும் என்று பயம். “சரி, உங்க இஷ்டம்,” என்று சொல்லிவிட்டாள்.

ஹார்லன் எழுந்து கதவருகே நின்றார். தொப்பியைப் போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். “அப்ப வரேன்,” என்று போனார். மேசை மேல் கேக் தட்டில், விரல் நகம் அளவுக்கு ஒரு துணுக்கு மிச்சமிருந்தது.

“மனுஷன் கதவுகிட்ட எதுக்கு அப்படி நின்னார்?” என்றாள் கொரின்.

“குளிருக்கு.”

“ம்,” என்றாள் கொரின். அவள் ஒரு எழுத்தோடு நிறுத்தினால் அதற்கு வேறு அர்த்தம்.

அக்டோபர் நடுவில் உறைபனி விழுந்தது. ஊரெல்லாம் தக்காளிச் செடிகள் மேல் பழைய படுக்கை விரிப்பைப் போர்த்தினார்கள், காலையில் எடுத்தார்கள், இரண்டு நாளில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள். மார்லிஸ் காலியான முக்காலியில் மல்லிகையை வைத்துப் பார்த்தாள். எடுத்தாள். பிகோனியாவை வைத்தாள், அதையும் எடுத்தாள். பிறகு முக்காலியை அப்படியே விட்டுவிட்டாள். வெயில் அதன் மேல் சும்மா விழுந்துகொண்டிருந்தது. அவளுக்கு அதைப் பார்க்கப் பார்க்க எரிச்சலாக இருந்தது.

எதிர் வீட்டு ஜன்னலில் செம்பருத்தி தெரிந்தது. அதுதான் வினை. தெரியாமல் இருந்தாலாவது நிம்மதியாக இருந்திருப்பாள். ஹார்லன் அதைத் தரையில் சூட்டுக் காற்று வரும் துவாரத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார். ஐயோ பாவம், குளிருமே என்று வைத்திருப்பார். அந்தக் காற்று செடியை அப்பளம் போலக் காய வைத்துவிடும். வாடுகிறதே என்று அவர் தண்ணீர் ஊற்றினார். தினமும் காலையில் கையில் குவளையோடு குனிவது தெரு தாண்டித் தெரிந்தது. மேலே வறட்சி, கீழே வெள்ளம். நவம்பர் முதல் வாரத்தில் இலைகள் மஞ்சளாயின. இரண்டாம் வாரத்தில் பாதி உதிர்ந்தாயிற்று.

“போய்ச் சொல்லித் தொலையேன்டி,” என்றாள் கொரின். வியாழக்கிழமை சீட்டாட்டத்துக்கு வந்தவள், கையில் சீட்டை விரித்துக்கொண்டு மார்லிஸ் ஜன்னல் பக்கமே பார்ப்பதைப் பார்த்துவிட்டாள்.

“அவர் செடி. நான் எப்படிச் சொல்றது?”

“வாயால.”

“அவர் கேட்டாரா? கேக்காம போய்ச் சொன்னா, உங்களுக்கு வளர்க்கத் தெரியலன்னு முகத்துல அடிக்கற மாதிரி.”

“அடியேன். அந்தச் செடியாவது பிழைக்கும்.”

“உனக்கென்ன, நீ பக்கத்து மாநிலம் ஐயோவாவுல பிறந்தவ. உங்க ஊர்ல எல்லாரும் மூஞ்சிக்கு நேரா பேசுவீங்க.”

“அதனாலதான் எங்க ஊர்ல செடியெல்லாம் உயிரோட இருக்கு,” என்றாள் கொரின். “ஆட்டத்தைப் பாரு. நீ ராஜாவைக் கீழ போட்டிருக்க.”

அன்றிரவு மார்லிஸ் வழக்கம்போல் தூங்கினாள், ஆனால் விடிந்ததும் முதல் வேலையாக ஜன்னலுக்குத்தான் போனாள். எதிர் ஜன்னலில் செடி இல்லை.

வெள்ளிக்கிழமை, குப்பை வண்டி வருகிற நாள். தெருவோரம் எல்லார் வீட்டுக் குப்பைத் தொட்டியும் நின்றிருந்தது. ஹார்லனின் தொட்டி பக்கத்தில் ஏதாவது நிற்கிறதா என்று கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். ஒன்றும் இல்லை. உள்ளே போட்டிருப்பாரோ. மூடி சரியாக மூடியிருக்கிறதே. அழுகை வந்துவிடும் போலிருந்தது. ஒரு செடிக்கு இப்படியா என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள். திட்டியும் ஒன்றும் குறையவில்லை.

அப்போது எதிர் வீட்டுக் கதவு திறந்தது. ஹார்லன் வெளியே வந்தார். கையில், பூப்போட்ட படுக்கை விரிப்பில் தலையோடு கால் சுற்றி, தொட்டி. குப்பைத் தொட்டியைத் தாண்டித் தெருவில் இறங்கினார். அவள் வீட்டைப் பார்த்து நடந்தார். பாதித் தெருவில் நின்றார். யோசித்தார். திரும்பித் தன் வீட்டுப் பக்கம் நாலு எட்டு வைத்தார். மறுபடி நின்றார். மறுபடி இவள் பக்கம் திரும்பினார்.

வெளியே பத்து டிகிரி இருக்குமோ என்னவோ. பாரன்ஹீட்டில் பத்து, உறைநிலைக்கு வெகு கீழே, அதுவும் காற்றோடு. வெப்ப நாட்டுச் செடி, படுக்கை விரிப்பு எத்தனை நிமிடம் தாங்கும்? அந்த மனிதர் நடுத்தெருவில் நின்று மரியாதை பார்த்துக்கொண்டிருக்கிறார். குப்பை லாரி முனை திரும்பி வந்து, அவர் நகர்வதற்காகக் காத்து நின்றது. லாரிக்காரனும் எங்கள் ஊர்க்காரன்தான், ஹாரன் அடிக்கவில்லை.

ஹார்லன் மூன்றாம் முறையாகத் தன் வீட்டைப் பார்த்துத் திரும்பியபோது மார்லிஸ் கதவைத் திறந்தாள். காலில் வீட்டுச் செருப்பு, உடம்பில் இரவு அங்கி. முப்பது வருடம் லாரிக்காரர்களை ஏவிய குரல் அது. அதை ஓய்வுக்குப் பிறகு யாரும் கேட்டிருக்கவில்லை.

“ஹார்லன், அதை இங்க கொண்டு வாங்க.”

“இல்ல மார்லிஸ், உங்களுக்கு எதுக்கு...”

“எனக்கு அது வேணும்.”

தெருவே கேட்டது. லாரிக்காரன் தொப்பியைச் சற்றுத் தூக்கிப் பார்த்தான். இவ்வளவு வயதுக்கு மார்லிஸ் வாயிலிருந்து எனக்கு வேணும் என்ற சொல்லை ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. மாமியார் சொத்தைப் பிரித்தபோதுகூட, ஏதாவது மிச்சம் இருந்தால் கொடுங்கள் என்று சொன்னவள். இப்போது சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் ஆடிப்போய்க் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஹார்லன் நேராக நடந்து படியேறி உள்ளே வந்தார்.

விரிப்பை அவிழ்த்ததும் அவளுக்கு மனசு ஆறவில்லை. மொத்தமே ஒரு கைப்பிடி இலைதான் இருந்தது. குளியலறைக்குக் கொண்டுபோனாள். ஒரு வெள்ளைத் தாளை ஹார்லன் கையில் கொடுத்து, இலைக்கு அடியில் பிடிக்கச் சொல்லி, விரலால் கிளையைத் தட்டினாள். தாளில் தூசி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் தூசி நடக்க ஆரம்பித்தது.

“சிலந்திப் பேன்,” என்றாள். “காஞ்ச காத்துல வரும்.”

“துவாரத்துக்குப் பக்கத்துல வெச்சேன். குளிருமேன்னு.”

“தெரியும்.”

“தண்ணியும் ஊத்தினேன்.”

“அதுவும் தெரியும் ஹார்லன். தாளை ஆட்டாதீங்க.”

நுனிக் கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டினாள். உள்ளே பழுப்பு. ஒரு சாண் கீழே சுரண்டினாள், அங்கேயும் பழுப்பு. ஹார்லன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அடித்தண்டுக்குக் கிட்டே, தொட்டி விளிம்பு உயரத்தில் சுரண்டினாள். கொஞ்சம் தயங்கி அந்த இடத்தைப் பார்த்தாள்.

“பச்சை,” என்றாள்.

“பிழைச்சுக்குமா?”

“வேர் அழுகாம இருந்தா பிழைக்கும்.”

வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக்கக் கழுவினாள். சோப்புத் தண்ணீர் அடித்தாள். கத்தரியை எடுத்து, பழுப்பு எது வரைக்கும் இருந்ததோ அது வரைக்கும் கழித்தாள். சொதசொதத்த மண்ணைக் கொட்டிப் புது மண் போட்டாள். ஹார்லன் அள்ளினார், துடைத்தார், பிடி என்றபோது பிடித்தார். கடைசியில் குச்சிகள் நாலைந்து நீட்டிக்கொண்டிருந்த தொட்டியைச் சுழல் முக்காலியில் கொண்டுபோய் வைத்தபோது, வெயில் ஜன்னலுக்கு வந்துவிட்டிருந்தது. மார்லிஸுக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது. அந்த நிறைவில்தான் வாய் திறந்துகொண்டது.

“ஹார்லன், இது பூக்கும்.”

“எது?”

“இதுதான். வருஷா வருஷம் இங்க பிப்ரவரியில பூக்குது. நான் உங்ககிட்ட சொன்னதே இல்ல.”

கோபிப்பாரோ என்று பார்த்தாள். அவர் குனிந்து அந்தக் குச்சிகளைப் பார்த்தார்.

“என்ன கலர்?” என்றார்.

“பீச் பழத்தை வெட்டினா கொட்டைகிட்ட சிவந்திருக்குமே. நடுவுல அந்தக் கலர். ஓரம் மஞ்சள்.”

“அட,” என்றார் ஹார்லன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் கதவைத் தட்டினார். செடி எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்தாராம். பார்த்தார். காபி குடித்தார். மூன்று தடவை கேட்ட பிறகுதான் குடித்தார். அதற்கடுத்த நாளும் வந்தார். தினமும் வந்தால் மரியாதையாக இருக்காது என்று நடுவில் ஒரு நாள் வரவில்லை. அன்றைக்கு மார்லிஸ் காபியைக் கீழே கொட்டினாள். பிறகு தினமும் வந்தார். வாழைக்கு இலை துடைத்தார், தொட்டிகளுக்கு அடியில் ஈரத்துக்காக வைத்த கூழாங்கல் தட்டுகளில் தண்ணீர் நிரப்பினார், எலுமிச்சைக்கு டிரம்பெட் பாட்டு ஒன்றைச் சீட்டியடித்துக் காட்டினார்.

“நம்ம ஆளு எப்படி?” என்று கேட்பாள் கொரின்.

“பரவாயில்ல. தண்ணிக் குவளையை மட்டும் அவர் கையில குடுக்கறதில்ல.”

“கவனிச்சியா, நான் செடியைக் கேட்டேனா மனுஷனைக் கேட்டேனான்னு நீ குழம்பவே இல்ல.”

“உன் வாயில மண்ணைப் போட,” என்றாள் மார்லிஸ், சிரித்துக்கொண்டே.

கிறிஸ்துமஸுக்குக் குச்சியில் பச்சைப் புள்ளிகள் வந்தன. ஜனவரியில் இலை. அவ்வளவு வெட்டியதற்குப் பூக்காது, இந்த வருடம் இலையோடு நின்றுவிடும் என்று மார்லிஸ் சொல்லி வைத்தாள். ஏமாந்துபோகக் கூடாதே. பிப்ரவரி போய் மார்ச் பிறந்தது. ஒரு காலை, உச்சிக் கிளையில் மிளகளவு ஒரு மொட்டு. அன்றிலிருந்து முக்காலியைத் திருப்பக் கூடாது, தொட்டியை நகர்த்தக் கூடாது, பக்கத்தில் தும்மக்கூடக் கூடாது என்று உத்தரவு. செம்பருத்திக்கு இடம் மாறினால் மொட்டை உதறிவிடும் புத்தி உண்டு. ஹார்லன் நுனிக்காலில் நடந்தார்.

பூத்த அன்றைக்குப் பெரும்பனி. சாலையெல்லாம் மூடி, பள்ளிக்கூடம் விடுமுறை. இந்தக் குளிரில் மனிதர் எங்கே வரப் போகிறார் என்று மார்லிஸ் தொலைபேசியை எடுத்தாள். அதற்குள் வாசலில் சத்தம். ஹார்லன், முழங்கால் வரை பனி, கையில் காகிதம் மூடிய கேக் தட்டு. உள்ளே வந்து பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நின்றுவிட்டார்.

ஜன்னலுக்கு வெளியே எல்லாம் வெள்ளை. தெரு இல்லை, எதிர் வீடு இல்லை. முக்காலி மேல் அந்த ஒற்றைப் பூ, அத்தனை இதழையும் விரித்துக்கொண்டு இருந்தது.

“இதையா இத்தனை வருஷம் எங்கிட்ட சொல்லாம வெச்சிருந்தீங்க?”

“சொன்னா திருப்பிக் கேட்டுடுவீங்களோன்னு பயம்.”

ஹார்லன் பூட்ஸைக் கழற்றினார். ஈரக் கையுறையை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்தார். பிறகு பூவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“நானும் ஒண்ணு சொல்லாம வெச்சிருக்கேன். தம்பி வீட்டை விக்கல. விக்கற யோசனையும் இல்ல. குளிர்காலம் பூரா டெக்ஸாஸ்ல உக்காந்து நான் நினைச்சுக்கிட்டிருக்கறது, செடியைக் கொண்டு வரும்போது இங்க ஒரு காபி, எடுத்துட்டுப் போகும்போது ஒரு காபி. வருஷத்துக்கு ரெண்டே காபி. அது எனக்குப் போதல, மார்லிஸ். அதனாலதான் போகல.”

“போகாம இருந்தா செடியை இங்க கொண்டு வர வேண்டியதே இல்லையே,” என்றாள் அவள்.

“அது டிக்கெட்டைக் கேன்சல் பண்ணதுக்கு அப்புறம்தான் எனக்கு உறைச்சுது.”

மார்லிஸ் சிரித்தாள். சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மறுபடி சிரித்தாள். கதவருகே தொப்பியைப் போட்டுக் கழற்றிக்கொண்டு நின்றாரே, அந்த மூன்றாவது கேள்விக்காக நின்றிருக்கிறார். அதை நினைத்ததும் அவளுக்குத் தன்னையே நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

காபி ஊற்றினாள். ஒரு தடவைதான் கேட்டாள், அவர் வாங்கிக்கொண்டார். கேக்கைத் தின்றுகொண்டு பூவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இரண்டாம் காபி ஆயிற்று, மூன்றாம் காபி ஆயிற்று. பனி அள்ளும் வண்டி ஒரு தடவை தெருவைச் சுரண்டிக்கொண்டு போயிற்று.

“ஏப்ரல்ல நான் இதை எடுத்துட்டுப் போகணுமா?” என்றார் ஹார்லன்.

“வேண்டாம்,” என்றாள் மார்லிஸ். “நீங்க இங்கயே வந்துடுங்க.”

நிஜமாகவா என்று அவர் கேட்கவில்லை. உங்களுக்கு எதற்குச் சிரமம் என்றும் சொல்லவில்லை. தட்டில் ஒரே ஒரு துண்டு மிச்சமிருந்தது. மார்லிஸ் கத்தியைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தத் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

மத்தியானம் சாலை திறந்ததும் கொரின் வந்தாள். பூவைப் பார்த்தாள், ஆகா என்றாள், மேசைக்கு வந்தாள். காகிதத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் காலித் தட்டைக் கையில் எடுத்தாள்.

“கடைசித் துண்டு எங்க?”

“ஹார்லன் சாப்பிட்டார்.”

“பாதியா?”

“முழுசா.”

கொரின் கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“கல்யாணம் எப்ப?” என்றாள்.